பீலிக்கரைக்கு வராத பரிசோதகர்

மலையகத் தமிழரின் வரலாறு பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கோப்பிக் காலம், தேயிலைக் காலம், கங்காணி முறை, துண்டு முறை, பிரஜாவுரிமைச் சட்டம், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் நூல்கள் உண்டு. 2023ஆம் ஆண்டு மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்றார்கள். அப்போதும் பல கட்டுரைகள் வெளிவந்தன. கிடைத்தவற்றை நானும் வாசித்தேன். அவற்றில் நான் தேடிய ஓர் அரசாங்க உத்தியோகத்தர் அநேகமாக எங்குமே தென்படவில்லை. குழாயையும் கானையும் மலசலகூடத்தையும் குடிதண்ணீரையும் பார்வையிட்டு, "இது சரி, இது பிழை" என்று அரசாங்கத்தின் பெயரால் எழுதி வைக்கும் உத்தியோகத்தரைச் சொல்கிறேன்.

அவருக்கு இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று பெயர். மக்கள் "பி.எச்.ஐ." என்பார்கள். ஹற்றன் நகரத்தில் ஹோட்டல் வைத்திருப்பவருக்கும் நுவரெலியாவில் பேக்கரி நடத்துபவருக்கும் அவரை நன்றாகத் தெரியும். ஆனால் அந்நகரங்களைச் சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகள் அவரை ஒழுங்காகக் காணாமலே வாழ்ந்து மடிந்திருக்கின்றன. இது தற்செயலாக நேர்ந்ததல்ல. ஆள் பற்றாக்குறை ஒன்றினால் மட்டும் வந்ததும் அல்ல. சட்டமே அப்படி எழுதப்பட்டிருந்தது. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்

தோட்ட வாழ்க்கையை அறியாத வாசகர்களுக்காக முதலில் சில விடயங்களைக் கூறவேண்டும்.

தோட்டத்து மக்கள் குடிதண்ணீர் எடுக்கும் இடத்தைப் பீலி என்பார்கள். மலையின் ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ மூங்கிலாலும் தகரத்தாலும் பின்னாளில் இரும்புக் குழாயாலும் தண்ணீரைக் கொண்டுவந்து ஓரிடத்தில் விழச்செய்வதுதான் பீலி. குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் குடிப்பதற்கு மொண்டு செல்வதும் அங்கேதான். பெண்கள் தங்கள் சுகதுக்கங்களைப் பரிமாறிக்கொள்வதும் பீலிக்கரையில்தான்.

ஒரு தோட்டம் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மக்கள் அவற்றை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று அழைப்பார்கள். ஒவ்வொரு கணக்கிலும் லயன்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பிராவும் ஒரு சிறிய முன்வாசலும். லயன்கள் மலைச்சரிவில் படிப்படியாக அமைந்திருக்கும். மேற்கணக்கு லயத்தின் கான் நீர் ஓடையில் கலக்கும். அந்த ஓடையிலிருந்துதான் பல இடங்களில் கீழ்க்கணக்கின் பீலிக்குத் தண்ணீர் வரும்.

சமவெளியில் ஒரு கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஐம்பது அடி இடைவெளி விட்டால் போதும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். மலைநாட்டில் இந்தக் கணக்கு மட்டும் செல்லாது. குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருந்தால் இருநூறு அடி தள்ளியிருந்தாலும் மழைக்காலத்தில் ஆபத்து உண்டு. ஆகவே மலைநாட்டில் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "எவ்வளவு தூரம்?" என்பதல்ல; "எது மேலே, எது கீழே?" என்பதுதான். நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கண்மாரி ஆகியவை தோட்டங்களில் திரும்பத் திரும்பத் தோன்றியதன் காரணத்தைப் பெரும்பாலும் இந்தச் சரிவிலேயே காணலாம். பயிற்சி பெற்ற ஒருவர் அரை நாள் நடந்தால் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஒருவர் உள்ளே வருவதற்கு வழி இருந்ததா என்பதே கேள்வி.

தாய்நாட்டில் ஒரு நீதி, தோட்டத்தில் ஒரு நீதி

தோட்டங்களை உருவாக்கிய ஆங்கிலேயருக்கு இந்த உண்மை தெரியாததல்ல. லிவர்பூல் நகரம் 1847ஆம் ஆண்டிலேயே தனக்கென ஒரு சுகாதார வைத்திய அதிகாரியை நியமித்தது. 1854ஆம் ஆண்டு லண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர், மரணங்களுக்கும் ஒரு தெருவின் தண்ணீர்க் குழாய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். தனியார் வீட்டுக்குள்ளும் சென்று கானையும் கழிவுக் குழியையும் பார்க்க அதிகாரம் பெற்ற பரிசோதகர்கள் அந்நாட்டு நகரங்களில் நடமாடத் தொடங்கினார்கள். தனியார் சொத்து என்று கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையைவிட அயலவனின் உயிர் பெரிது என்ற கோட்பாடு அங்கே சட்டமாயிற்று.

இலங்கையிலும் 1862ஆம் ஆண்டு பொதுத் தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. அழுகிய கான், நாற்றமெடுக்கும் குழி, அசுத்தமான தண்ணீர் ஆகியவற்றுக்கு எதிராக வழக்குத் தொடர அது இடமளித்தது. 1897ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமும் வந்தது. ஆனால் தோட்டத்துக்கென்று வேறொரு பாதை ஏற்கனவே வகுக்கப்பட்டிருந்தது.

அந்தப் பாதை 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்துடன் தொடங்குகிறது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த கூலிகள் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாக இறந்ததால் எழுந்த கண்டனமே அச்சட்டத்தின் பின்னணி. 1912ஆம் ஆண்டு அது திருத்தி எழுதப்பட்டு, தொழிலாளர் நோய்கள் பற்றிய இன்னொரு கட்டளைச் சட்டமும் உடன் பிறந்தது. லயன்களைச் சுகாதார நிலையில் வைத்திருப்பதும் நோயாளிகளைக் கவனிப்பதும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் பராமரிப்பதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று சட்டம் கூறியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல சட்டந்தான். அந்தக் காலத்தில் கிராமத்து ஏழைக்கு இவ்வளவு கூடச் சட்டத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு முடிச்சு இருந்தது. லயத்தைக் கட்டியவர் துரை. தண்ணீருக்குப் பீலி போட்டவர் துரை. அது சுத்தமாக இருக்கிறதா என்று நாளாந்தம் பார்க்கவேண்டியவரும் துரை. மருந்து கொடுக்கும் தோட்ட வைத்தியர் துரையிடம் சம்பளம் வாங்குபவர். அரசாங்க வைத்தியர் எப்போதாவது வந்து போவார். பரிசோதிக்கப்பட வேண்டியவரிடமே பரிசோதனை ஒப்படைக்கப்பட்டது. தோட்டம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற இந்த ஏற்பாடு, அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஆட்சிக்கும் வசதியாகிவிட்டது.

கொக்கிப்புழு சொன்ன பாடம்

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு சிறிய புழு. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1916ஆம் ஆண்டு இலங்கையின் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலத்துடன் வெளியேறும் முட்டை ஈர மண்ணில் குஞ்சு பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஈரமும் நிழலும் நிறைந்த தேயிலை மலையும் செருப்பில்லாக் காலும் அதற்கு ஏற்ற இடங்கள். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரிடம் அது இருந்தது. இரத்தம் வற்றிய உடம்பைத்தான் அக்காலத்துத் துரைமார் பலர் சோம்பேறித்தனம் என்று கணக்கில் எழுதினார்கள்.

மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. சில மாதங்களில் மறுபடியும் வந்தது. காரணம் வெளிப்படை. மலசலகூடம் இல்லாத இடத்தில் மருந்து எத்தனை நாளைக்கு நிற்கும்? மருந்தோடு மலசலகூடமும் வேண்டும் என்று வந்த வைத்தியர்கள் வற்புறுத்தினார்கள். மருந்தை விரும்பிய தோட்டங்கள், மலசலகூடத்துக்குச் செலவிடத் தயங்கின. "கட்டினாலும் கூலிகள் பாவிக்க மாட்டார்கள்" என்பது அவர்கள் சொன்ன நியாயம். 1922ஆம் ஆண்டளவில் அந்த இயக்கம் ஓய்ந்தது.

"பாவிக்க மாட்டார்கள்" என்ற இந்த வாக்கியத்தை என் பத்திரிகை வாழ்க்கையிலும் நான் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக் கூடம், தண்ணீர் இல்லை, இரவில் விளக்கு இல்லை, கதவு பழுதடைந்தால் மாதக்கணக்கில் அப்படியே. இத்தகைய இடத்தைத் துரைமாரும் பாவித்திருக்க மாட்டார்கள். துப்புரவு செய்ய வாசற்கூட்டி என்று ஒருவர் இருந்தார். அந்த வேலை குறிப்பிட்ட ஒரு சாதிக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஊரிலிருந்து வந்த சாதி முறையைக் கங்காணி தொடர, துரையும் அதைத் தனக்கு வசதியாக்கிக்கொண்டார். ஒரு முழுக் கணக்கின் சுகாதாரமும் மிகக் குறைந்த மதிப்புக்குரியவராக நடத்தப்பட்ட ஒரு மனிதரின் துடைப்பத்தில் விடப்பட்டது. இந்தப் பழியில் நம்மவருக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

உள்ளே போனவர்கள்

அந்நாட்களில் தோட்டத்துக்குள் சென்று உண்மையைப் பார்க்க விரும்பியவர் அத்துமீறல் சட்டத்தை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தொழிற்சங்கவாதியும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்று லயத்து வாழ்க்கையை நேரில் கண்டார் என்பது மலையகம் நன்கறிந்த செய்தி. ஒரு பத்திரிகையாளன் தன் தொழிலைச் செய்யத் துணி மூட்டை தூக்கவேண்டியிருந்தது.

வேடமின்றி உள்ளே செல்லக்கூடியவராக இருந்தவர் இந்திய அரசாங்கத்தின் ஏஜென்ட். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து 1923இல் கண்டியில் அவருடைய அலுவலகம் அமைந்தது. ஆண்டுதோறும் அவர் எழுதிய அறிக்கைகளில் சம்பளத்துடன் லயன், தண்ணீர், மலசலகூடம் ஆகியவையும் இடம்பெற்றன. இலங்கை மண்ணில் வாழ்ந்த மக்களின் பீலியைப் பற்றி ஒழுங்காக எழுதி வைத்தவர் வேற்று நாட்டு உத்தியோகத்தர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் இலங்கையின் பொதுச் சுகாதாரம் வேறு திசையில் வேகமாக வளர்ந்தது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், மருத்துவிச்சிகள். வீடு வீடாகச் சென்று கிணறு, மலசலகூடம், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரின் விபரங்களைப் பதிவது அவர்கள் வேலை. இந்த முறை பின்னர் நாடெங்கும் பரவியது. மூன்றாம் உலகத்துக்கே முன்மாதிரி என்று இன்று பாராட்டப்படும் இலங்கையின் சுகாதாரச் சாதனைக்கு அடித்தளம் இதுதான். அந்த வீடு வீடான நடை, தோட்டத்தின் எல்லையில் வந்ததும் நின்றுவிட்டது. "அங்கே தோட்ட நிர்வாகம் இருக்கிறது" என்பது காரணம்.

உள்ளூராட்சியும் அவ்வாறே. 1937ஆம் ஆண்டு கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது தோட்ட லயன்களில் வாழ்ந்த தொழிலாளருக்கு அதில் வாக்குரிமை இல்லாமற் செய்யப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமையே போயிற்று. வாக்கில்லாதவன் வீட்டுக் கானை எட்டிப் பார்க்க எந்த உறுப்பினர் வருவார்?

ஒரு போத்தல் தண்ணீர்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை போய் அரசாங்கம் வந்தால் பரிசோதகரும் வருவார் என்று பலர் எதிர்பார்த்தோம். 1974இல் வந்ததோ பட்டினி. கூப்பன் அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் குழந்தை மரண வீதம் கிராமங்களைவிடப் பல மடங்கு உயர்ந்தது. அதன் பின்னரே அரசாங்கச் சுகாதாரச் சேவை மெல்ல மெல்லத் தோட்டத்தை நோக்கித் திரும்பியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹற்றன் பக்கமுள்ள ஒரு தோட்டத்தில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. செய்தி சேகரிக்கச் சென்ற நான் ஒரு பரிசோதகருடன் ஒரு நாள் முழுவதும் நடந்தேன். தென்பகுதியைச் சேர்ந்த சிங்களவர். தோட்டத்துத் தமிழைத் தோட்டத்தாரைப் போலவே பேசினார். தொற்றுநோய் அறிவித்தல் படிவம் கையில் கிடைத்ததால்தான் அவர் அன்று அங்கே வந்தார். சட்டப்படி அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் முதலில் தோட்ட அலுவலகத்துக்குச் சென்று காத்திருந்தார். "சட்டம் என் பக்கம் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை வர ஜீப் அவர்களிடம்தானே கேட்கவேண்டும்" என்றார்.

அவர் பீலியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நடந்தார். தண்ணீர்க் குழாயைத் தொடர்ந்து தேயிலைக்குள் ஏறினோம். ஊற்றைத் தடுத்துக் கட்டியிருந்த சிறிய தொட்டிக்கு மூடி இல்லை. அதற்குச் சற்று மேலே ஒரு மாட்டுப்பட்டி. அதற்கும் மேலே மேற்கணக்கு லயத்தின் மலசலகூட வரிசை. அவர் ஒன்றும் பேசாமல் குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்தார். பிறகு பீலிக்கு இறங்கி ஒரு சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து இரண்டு துளி மருந்து விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் தோன்றும். தோன்றவில்லை. கொதிநீரில் கிருமி நீக்கிய போத்தல் ஒன்றில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தார். அது கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகவேண்டும். ஒரு நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் பரிசோதனை பயனற்றது. மலைப்பாதையில் அது எளிதான காரியமல்ல.

குடத்துடன் நின்ற வயதான பெண் ஒருவர், "ஐயா, இந்தத் தண்ணி நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். "கொதிக்க வைத்துக் குடியுங்கள், அம்மா" என்றார் அவர். விறகு எங்கே என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. முடிவு வந்ததும் யாருக்கு அனுப்புவீர்கள் என்று நான் கேட்டேன். சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு பிரதி, தோட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி என்றார். தண்ணீரைக் குடிப்பவருக்கு என்று ஒரு பிரதி கிடையாது. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் கொழும்பிலிருந்து புறப்பட்டு, அவருக்கு மேலே இருக்கும் மேசைகள் வரை வந்து நின்றுவிடும். அன்று நான் எழுதிய செய்தியில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பது மட்டுமே அச்சாயிற்று.

33ஆம் பிரிவு

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமத்துக்குப் பாதை, கிணறு, பொது வசதி ஆகியவற்றைச் செய்யும் கடமையைச் சபைகளிடம் கொடுத்தது. அதன் 33ஆம் பிரிவின் வாசகமோ கிராமங்களையே குறித்தது, தோட்டம் கிராமமல்ல. மலையகத் தமிழர் மீண்டும் வாக்குரிமை பெற்று, நுவரெலியா மாவட்டத்தின் சபைகளில் உறுப்பினர்களாகவும் தலைவர்களாகவும் அமர்ந்த பின்னரும், தமக்கு வாக்களித்த லயத்துக்குச் சபை நிதியில் ஒரு குழாய் போட்டால் கணக்காய்வு ஆட்சேபம் வரும் என்று அஞ்சவேண்டிய நிலை இருந்தது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. அதன் பிறகு முடிச்சு இன்னும் இறுகியது. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, வீடமைப்பும் நலனும் ஒரு நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பு, வாழ்பவர் தொழிலாளி. கான் உடைந்தால் பரிசோதகர் யாருக்கு அறிவித்தல் கொடுப்பது? ஒருவர் மற்றவரைக் காட்டுவார். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது நல்ல மாற்றம். ஆனால் ஆஸ்பத்திரி, நோய் வந்த பின் போகும் இடம். நோய் வருமுன் வரவேண்டியவர் பரிசோதகர்.

33ஆம் பிரிவு 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபைகள் சேவை வழங்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தின் பெரிய சபைகளும் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களுக்குத் தனிச் சபைகள் கிடைத்தன. மக்கள் பிரதிநிதிகளின் நீண்டகால முயற்சியின் பலன் இது. அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் லிவர்பூல் தன் சுகாதார அதிகாரியை நியமித்த 1847க்கும் இந்த 2018க்கும் இடையில் 171 ஆண்டுகள். அந்த ஆண்டுகள் முழுவதும் லிவர்பூலுக்குத் தேயிலை போய்க்கொண்டுதான் இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் போனது கோப்பி. தேயிலை பிறகு வந்தது.

இன்னொன்றையும் கொழும்பு வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் இந்தத் தோட்டங்களின் நடுவேதான் ஓடுகின்றன. மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களைக் கடந்து கீழே அவை சேர்ந்து களனி கங்கையாகின்றன. களனியின் நீர் அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டுத் தலைநகரின் குழாய்களுக்குச் செல்கிறது. ஆற்றின் கடைசியில் இருப்பவருக்குச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. நாளாந்தப் பரிசோதனை உண்டு. ஆற்றின் தலைமாட்டில் இருப்பவருக்கு மூடியில்லாத தொட்டியும் கறுப்புக் குழாயும்.

சட்டத்தின் வாசல் இப்போது திறந்திருக்கிறது. மிஞ்சியிருப்பவை நிர்வாக வேலைகள். தோட்டப் பகுதிகளுக்குப் போதிய பரிசோதகர்கள் வேண்டும். அவர்கள் மக்களின் மொழியில் பேசவும் எழுதவும் வேண்டும். மலையக இளைஞர்களும் யுவதிகளும் ஆசிரியத் தொழிலை நாடுவதுபோல இத்தொழிலையும் நாடவேண்டும். ஒவ்வொரு ஊற்றையும் குழாயையும் குழியையும் குறித்த வரைபடம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும். எல்லாவற்றிலும் செலவு குறைந்தது ஒன்று உண்டு. தண்ணீர்ப் பரிசோதனையின் முடிவை, திகதியுடன், தமிழில், பெரிய எழுத்தில் எழுதி அந்தந்தப் பீலிக்கரையிலேயே ஒட்டவேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.